பரங்கிமலையில் புறப்பட்ட தாள்

58எஃப்/8 என்று எண்ணிட்ட தாளை மேசைமேல் விரித்தால், ஓரக் குறிப்புகள் நீங்கலாக நீளம் அகலம் இரண்டும் சுமார் 55 சென்டிமீட்டர் இருக்கும். அதற்குள் ஏறக்குறைய 750 சதுர கிலோமீட்டர் நிலம் அடங்கியிருக்கிறது. வடகிழக்கு மூலையில் கொடைக்கானல், தெற்கு விளிம்பில் தேனியும் போடிநாயக்கனூரும், நடுவே பேரிஜம் ஏரி, காடு, பாறைச் சரிவு, ஓடைகள். நிலத்தில் ஒரு கிலோமீட்டர் என்றால் தாளில் இரண்டு சென்டிமீட்டர். புத்தகம் இதை இடவிளக்கப் படம் என்கிறது. வகுப்பில் எல்லோரும் சொல்வது டோப்போஷீட்.

பள்ளிப் புவியியலில் மாணவர் கைக்கு வரும் பொருள்களிலேயே நெடுந்தொலைவு நடந்து வந்தது இந்தத் தாள்தான். பல தலைமுறை மனிதர்கள் வெயிலிலும் காய்ச்சலிலும் அளந்து சேர்த்த கணக்கு அதில் இருக்கிறது. படை நடத்தவும் வரி தண்டவும் பிறந்தது. ராணுவ ரகசியமாக வளர்ந்தது. இப்போது பதினைந்து வயதுப் பிள்ளையின் பெஞ்சுக்கு வந்திருக்கிறது. இதற்கு இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஆனது. முதல் அடி எடுத்து வைத்த இடம் சென்னை.

ஏழரை மைல் கோடு

மெட்ராசில் நில அளவை ஏற்கெனவே ஒரு பாடமாக இருந்தது. 1794-இல் மைக்கேல் டாப்பிங் என்ற வானியலாளரின் முயற்சியில் அங்கே ஒரு சர்வே பள்ளி தொடங்கியது. கிண்டி பொறியியல் கல்லூரியின் வேர் அந்தப் பள்ளிதான். சங்கிலி பிடிக்கவும் கோணம் எடுக்கவும் படம் வரையவும் அங்கே சிறுவர்கள் பழகினார்கள்.

1799-இல் ஸ்ரீரங்கப்பட்டினம் வீழ்ந்தது. திப்பு சுல்தான் மாண்டார். கைக்கு வந்த நாட்டின் நீள அகலத்தைத் துல்லியமாக அறிந்துகொள்ளும் அவசரம் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு வந்தது. அந்தப் போரில் இருந்த வில்லியம் லாம்டன் ஒரு திட்டம் கொடுத்தார். தரையில் ஒரே ஒரு கோட்டை மட்டும் மிகத் துல்லியமாக அளப்பது. அந்தக் கோட்டின் இரு முனைகளிலிருந்தும் தொலைவில் ஒரு புள்ளியைப் பார்த்துக் கோணம் எடுப்பது. ஒரு பக்கமும் இரண்டு கோணங்களும் தெரிந்தால் முக்கோணத்தின் மற்ற இரண்டு பக்கங்களும் கணக்கிலேயே கிடைத்துவிடும். அந்தப் பக்கத்தின்மேல் அடுத்த முக்கோணம், அதன்மேல் இன்னொன்று. நாடு முழுவதையும் இப்படியே அளந்துவிடலாம். இன்று பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் முக்கோணவியல் படிக்கும் பிள்ளைக்கு இந்த வழி உடனே விளங்கும்.

1802 ஏப்ரல் 10-ஆம் தேதி அந்த ஒற்றைக் கோட்டை அளக்கும் வேலை தொடங்கியது. ஒரு முனை பரங்கிமலைப் பக்கம், மறுமுனை தெற்கே பெரும்பாக்கம் குன்று. இடைப்பட்ட தூரம் சுமார் ஏழரை மைல். நூறு அடி நீளமுள்ள எஃகுச் சங்கிலி, சீனப் பேரரசருக்குப் பரிசாகக் கொண்டுபோய் அவர் வேண்டாம் என்றதால் இந்தியாவுக்கு வந்து சேர்ந்தது. வெயிலில் எஃகு நீளும். சில நூல் நீண்டாலும் பிழை இமயம்வரை பெருகும். அதனால் சங்கிலியை மரப்பெட்டிகளுக்குள் கிடத்தி, பெட்டிகளை முக்காலிகள்மேல் மட்டம் பார்த்து நிறுத்தி, பக்கத்திலேயே வெப்பமானி வைத்து அளந்தார்கள். நானூறு முறைக்குக் குறையாமல் அந்தச் சங்கிலியை எடுத்து வைக்க வேண்டியிருந்தது. சித்திரை, வைகாசி வெயிலில் 57 நாள் ஆயிற்று.

கோணம் எடுப்பதற்கான பெரிய தியோடலைட் லண்டனில் செய்தது. அரை டன் எடை. அதை ஏற்றி வந்த கப்பலைப் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்து மொரீஷியஸுக்குக் கொண்டுபோனார்கள். அது அறிவியல் கருவி என்று தெரிந்ததும் மரியாதையோடு மெட்ராசுக்கு அனுப்பிவைத்தார்கள்.

காவிரிச் சமவெளியில் அந்தக் கருவிக்குப் பெரிய சோதனை வந்தது. அங்கே ஏறிப் பார்க்க மலை கிடையாது. திரும்பிய பக்கமெல்லாம் தென்னை பார்வையை மறைக்கும். கோயில் கோபுரங்களைத்தான் மேடையாக்க வேண்டியிருந்தது. 1808-இல் தஞ்சைப் பெரிய கோயிலின் விமானத்தின் மேல் தியோடலைட்டைக் கயிறு கட்டி ஏற்றினார்கள். பாதி வழியில், சுவரில் இடிக்காதபடி பிடித்திருந்த பக்கக் கயிறு அறுந்தது. கருவி பெட்டியோடு கல்லில் மோதியது. கோணப் பிரிவுகள் செதுக்கிய பித்தளை வட்டம் நெளிந்துபோனது. அந்த வட்டம் சரியில்லை என்றால் எடுக்கும் கோணம் எதற்கும் பயனில்லை. வேறு கருவி வரவழைக்க ஆண்டுக்கணக்காகும். லாம்டன் கருவியைத் துண்டு துண்டாகக் கழற்றினார். ஒரு தட்டையான பலகையில் வட்டம் இருக்க வேண்டிய அதே அளவுக்கு ஒரு வட்டத்தை வெட்டினார். நெளிந்த பித்தளையை ஆப்பும் திருகும் கப்பியும் கொண்டு சிறிது சிறிதாக வெளியே இழுத்து அந்தப் பலகை வட்டத்தோடு பொருத்தினார். ஆறு வாரத்தில் கருவி மறுபடி வேலைக்கு வந்தது. இப்போது அது டேராடூனில் இந்திய நில அளவைத் துறையிடம் இருக்கிறது.

லாம்டன் 1823-இல் வார்தா அருகே ஹிங்கன்காட்டில், வேலை நடுவே இறந்தார். அவருக்குப் பின் ஜார்ஜ் எவரெஸ்ட் முக்கோணச் சங்கிலியை வடக்கே கொண்டுபோனார். குமரி முனையைத் தெற்கு எல்லையாகக் கொண்ட அந்தச் சங்கிலி 1841-இல் இமய அடிவாரத்தை எட்டியது. காட்டில் பார்வைக் கோடு திறக்க மரம் வெட்டியவர்கள், மலையுச்சியில் இரவெல்லாம் விளக்குப் பிடித்தவர்கள், கருவி சுமந்தவர்கள் கலாசிகள். மலேரியாவில் மாண்டவர்கள் அவர்களிலேயே அதிகம். தாளின் எந்த ஓரத்திலும் அவர்கள் பெயர் கிடையாது. இந்தப் பாடத்தை நடத்தும் ஆசிரியர் அவர்களை ஒரு வரியாவது சொல்லிவிட்டுத் தொடங்க வேண்டும்.

ஒன்பது துறைமுகங்களின் அலை

நீளமும் அகலமும் கிடைத்தன. உயரம் வேண்டுமே! எங்கிருந்து எண்ணுவது? கடல் மட்டத்திலிருந்து என்று சொல்வது எளிது. கடலோ ஒருபோதும் மட்டமாக நிற்பதில்லை. ஏற்றமும் இறக்கமும் பருவக்காற்றும் அதை அசைத்துக்கொண்டே இருக்கும். அதனால் துறைமுகங்களில் கருவி வைத்து அலையின் உயரத்தை ஆண்டுக்கணக்கில் பதிந்து சராசரி கண்டார்கள். கராச்சி, பம்பாய், கார்வார், பேப்பூர், கொச்சி, நாகப்பட்டினம், மெட்ராஸ், விசாகப்பட்டினம், ஒடிசாவின் ஃபால்ஸ் பாயின்ட் என ஒன்பது இடங்கள். அந்தச் சராசரியைச் சுழியாக வைத்து, 1858 முதல் 1909 வரை நாடு முழுவதும் மட்டக்கோடு ஓட்டினார்கள். வழியெங்கும் கல்லில் உயரக் குறி பொறித்தார்கள்.

ரயில் நிலையத்தின் மஞ்சள் பலகையில் ஊர்ப்பெயருக்குக் கீழே எம்.எஸ்.எல் (சராசரி கடல் மட்டம்) என்று ஓர் எண் எழுதியிருக்கும். அதுவும் இதே கணக்கின் பிள்ளைதான். 58எஃப்/8 தாளில் தேனிப் பக்கம் சுமார் 300 மீட்டர் என்றும், கொடைக்கானல் பக்கம் 2,100 மீட்டருக்கு மேல் என்றும் படிக்க முடிகிறது என்றால், அதற்குப் பின்னால் நாகப்பட்டினத்தின் அலையும் மெட்ராசின் அலையும் இருக்கின்றன.

நிறங்கள் வந்த கதை

முக்கோணங்கள் எலும்புக்கூட்டை மட்டும் தந்தன. ஊர், ஓடை, கண்மாய், ஒற்றையடிப் பாதை, கோயில், கிணறு எல்லாவற்றையும் அதன்மேல் நிரப்பியது பிளேன் டேபிள். மூன்று காலில் நிற்கும் ஒரு மரப்பலகை, அதன்மேல் ஒட்டிய தாள், பார்வைத் துளை உள்ள ஓர் அளவுகோல், அவ்வளவுதான். சர்வேயர் ஒரு மேட்டில் அதை நிறுத்தி, தெரிந்த இடங்களைக் குறிவைத்துக் கோடு இழுத்து, தான் நிற்கும் புள்ளியைக் கண்டுபிடித்து, கண்ணில் படுவதை அங்கேயே நின்று வரைவார். ஊருக்குள் போய்ப் பெயர் கேட்பார். 20-ஆம் நூற்றாண்டில் விமானப் படங்கள் வந்து வேலையை விரைவாக்கின. ஆனாலும் ஓடைக்கும் குன்றுக்கும் பெயர் சொல்ல ஊர்க்காரர் ஒருவர் வேண்டியிருந்தார்.

1905-இல் ஒரு குழு நாட்டின் படங்களையெல்லாம் புதிதாக, பல நிறத்தில், ஒரு மைலுக்கு ஓர் அங்குலம் என்ற அளவில் வரையப் பரிந்துரைத்தது. விடுதலைக்குப் பின் மெட்ரிக் முறை வந்தபோது அது 1:50,000 ஆயிற்று. நிறங்கள் அப்படியே தொடர்ந்தன. நீர் நீலம், காடு பச்சை, பயிர்நிலம் மஞ்சள், சாலையும் குடியிருப்பும் சிவப்பு, ரயிலும் எழுத்தும் கறுப்பு, நிலத்தின் மேடுபள்ளம் பழுப்பு. குளத்தில் எப்போதும் நீர் நின்றால் நீலம். வறண்டுவிடும் குளத்துக்கு நீலம் கிடையாது. கரைமேல் ‘3ஆர்’ என்று சிறிதாக எழுதியிருந்தால், அந்தக் கரை சுற்றியுள்ள நிலத்திலிருந்து 3 மீட்டர் உயரம் என்று பொருள்.

எண் கொடுத்த முறையும் அழகானது. நாட்டை நான்கு பாகை நீளமும் நான்கு பாகை அகலமும் உள்ள கட்டங்களாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். தமிழ்நாட்டின் பெரும்பகுதி 58-இல் இருக்கிறது. அந்தக் கட்டத்தை ஒரு பாகை அளவில் பதினாறாகப் பிரித்தால் ஏ (A) முதல் பி (P) வரை ஆங்கில எழுத்துகள். ஒவ்வொரு எழுத்தையும் மறுபடி பதினாறாகப் பிரித்தால் 1 முதல் 16. எண்கள் மேலிருந்து கீழாக ஓடும். அடுத்த பத்தி மறுபடி மேலிருந்து தொடங்கும். மதுரை 58கே/1. சேலம் 58ஐ/2. திண்டுக்கல் 58எஃப்/15. ஓர் ஊரின் அட்சமும் தீர்க்கமும் தெரிந்த எட்டாம் வகுப்புப் பிள்ளை, அந்த ஊர் எந்தத் தாளில் இருக்கும் என்று கணக்குப் போட்டே சொல்லிவிடலாம். இப்படி நாடு முழுவதற்கும் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட தாள்கள்.

பூட்டிய அலமாரி

தாள் தயாரானது. பள்ளிக்கு வரவில்லை. எல்லையையும் கடற்கரையையும் ஒட்டிச் சுமார் 80 கிலோமீட்டர் அகலப் பட்டையில் அடங்கும் தாள்கள் பல பத்தாண்டுகள் கட்டுப்பாட்டில் இருந்தன. அவற்றை வாங்க அலுவலகக் கடிதம் வேண்டும், காரணம் சொல்ல வேண்டும், பூட்டிவைக்க வேண்டும், எண்ணிக்கை காட்ட வேண்டும். ஆயிரம் கிலோமீட்டருக்குக் குறையாத கடற்கரை உள்ள தமிழ்நாட்டுக்கு இதன் விளைவு பெரிது. சென்னை, கடலூர், நாகை, ராமநாதபுரம், தூத்துக்குடி என்று கடலோரத்துப் பிள்ளைகளுக்குத் தங்கள் ஊரின் தாளைப் பார்க்கவே வழியில்லாமல் போனது. அளவை தொடங்கிய பரங்கிமலையும் அந்தப் பட்டைக்குள்தான்.

2005-இல் தேசிய வரைபடக் கொள்கை படங்களை இரண்டு வரிசையாகப் பிரித்தது. ஒன்று பாதுகாப்புத் துறைக்கு, மற்றது பொதுமக்களுக்கு. 2017-இல் பொதுமக்கள் வரிசைத் தாள்களை இணையத்தில் பதிவுசெய்து விலையின்றி இறக்கிக்கொள்ளும் வசதி வந்தது. 2021 பிப்ரவரியில் வந்த புதிய வழிகாட்டுதல் பழைய கட்டுப்பாடுகளில் பெரும்பாலானவற்றை நீக்கியது. பிரம்மாண்டக் கருவியும் நூற்றுக்கணக்கான ஆட்களும் கொண்டு சேர்த்த செல்வம் ஒரு கைப்பேசிக்குள் வந்துவிட்டது. இதை நாம் போதிய அளவு கொண்டாடவில்லை; பயன்படுத்தவும் இல்லை.

பெஞ்சின் மேல்

ஐ.சி.எஸ்.இ. பத்தாம் வகுப்பில் டோப்போஷீட் கட்டாயம். அந்தப் பிள்ளைகள் நீண்டகாலமாகப் படித்து வந்தவை 45டி/7, 45டி/10 என்ற இரண்டு தாள்கள். குஜராத், ராஜஸ்தான் எல்லைப் பகுதி. மவுண்ட் அபு இரண்டாவது தாளில் வரும். சி.பி.எஸ்.இ. பதினோராம் வகுப்புச் செய்முறைப் புத்தகத்தில் கங்கைக் கரையின் மிர்சாபூர் வரும் 63கே/12. தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்பில் பொதுத்தேர்வுக்கு அச்சிட்ட வெற்று வரைபடம். அதில் மண் வகை, பருவக்காற்று, ஆறு, துறைமுகம் குறிப்பார்கள். மதிப்பெண் உறுதி என்பதால் ‘மேப்’ கேள்வியைப் பிள்ளைகள் ஆசையோடு செய்கிறார்கள். ஆனால் இந்தியா முழுவதும் ஒரு பக்கத்தில் அடங்கும் படத்தில் தங்கள் தெருவோ கண்மாயோ தெரியாது.

டோப்போஷீட் ஒரு பிள்ளையிடம் என்ன செய்கிறது என்பதை 58எஃப்/8 கொண்டே காட்டலாம். கொடைக்கானல் ஏரியிலிருந்து தேனிவரை பென்சிலால் நேர்கோடு போடச் சொல்லுங்கள். தாளில் ஏறக்குறைய அரை மீட்டர் வரும். நிலத்தில் அது 25 கிலோமீட்டர். கோட்டின்மேல் ஒரு காகிதப் பட்டையை வைத்து, ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் பழுப்புநிறச் சம உயரக் கோடுகள் பட்டையைத் தொடும் இடங்களிலெல்லாம் புள்ளி வைத்து, உயரத்தை எழுத வேண்டும். அடுத்தடுத்த இரண்டு சம உயரக் கோடுகளுக்கு இடையே 20 மீட்டர். ஒவ்வோர் ஐந்தாவது கோடும் தடிமனாக இருக்கும்; தடித்த கோடுகளுக்கு இடையே 100 மீட்டர்.

மலைமேல் புள்ளிகள் தள்ளித் தள்ளி விழும். விளிம்பு வந்ததும் கோடுகள் ஒன்றோடொன்று உரசுவதுபோல் நெருங்கிவிடும். பென்சில் முனை வைக்க இடம் இருக்காது. ‘சார், இங்க எண்ணவே முடியல’ என்று எந்தப் பிள்ளையும் சொல்லும். அந்த இடத்தில்தான் பாடம் நடக்கிறது. எண்ண முடியாத அந்த நெருக்கம்தான் பழனிமலையின் தெற்குச் செங்குத்து. சமவெளியில் இறங்கியதும் கோடுகள் கலைந்து, விரல்கடை தள்ளித் தள்ளிப் போய்விடும்.

பிறகு பட்டையிலுள்ள புள்ளிகளை வரைபடத்தாளுக்கு மாற்றிக் குறுக்குவெட்டு வரைய வேண்டும். உயரத்துக்கும் 1 கிலோமீட்டருக்கு 2 சென்டிமீட்டர் என்று அதே அளவை எடுத்தால், 1,800 மீட்டர் மலை மூன்றரைச் சென்டிமீட்டர் மேடாகத்தான் வரும். 200 மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் என்று எடுத்தால் மலை ஒன்பது சென்டிமீட்டர் நிமிரும். உயரம் இரண்டரை மடங்கு மிகைப்படுத்தப்பட்டது என்று கீழே எழுத வேண்டும். படம் வரைபவர் எடுத்த முடிவு படத்தின் தோற்றத்தையே மாற்றும் என்பதைப் பிள்ளை தன் கையால் செய்து தெரிந்துகொள்கிறது. நாளிதழிலும் தொலைக்காட்சியிலும் வரும் எந்தப் படத்தையும் அளவு பார்த்துப் படிக்கும் பழக்கம் இங்கே பிறக்கிறது.

சம உயரக் கோடு ஓடையைக் கடக்கும்போது வளைந்து, மேட்டுப் பக்கம் முனை நீட்டும். கொட்டகுடி ஆற்றை அந்த முனைகளைப் பார்த்தே மேலே தேடிப் போகலாம். முனை காட்டும் திசைக்கு எதிராகத்தான் தண்ணீர் ஓடும். இது தெரிந்த பிள்ளைக்கு மழை எங்கே விழுந்தால் எந்த ஊருக்கு வெள்ளம் வரும் என்று சொல்லத் தெரியும்.

சொந்த ஊரின் தாள்

நான் சொல்ல வருவது இதுதான். மவுண்ட் அபுவையும் மிர்சாபூரையும் படிக்கட்டும், நல்ல தாள்கள்தான். முதலில் ஒவ்வொரு பள்ளியும் தன் ஊரின் தாளைப் படிக்க வேண்டும். மனப்பாடம் செய்தவரும் புரிந்துகொண்டவரும் வேறுபடும் இடம் அதுதான். தெரியாத ஊரின் படத்தில் தவறாகப் படித்தால் விடைத்தாளில் அரை மதிப்பெண் போகும். சொந்த ஊரின் படத்தில் தவறாகப் படித்தால், ஜன்னல் வழியே தெரியும் குன்றே வந்து திருத்தும்.

சென்னையின் அனுபவம் இதை நமக்குக் கடுமையாகவே சொல்லியிருக்கிறது. லாம்டன் சங்கிலி போட்ட பரங்கிமலை, பெரும்பாக்கம் கோட்டின் பக்கத்திலேயே பள்ளிக்கரணைச் சதுப்பு இருக்கிறது. பழைய படங்களில் பரந்து கிடக்கும் அந்த நீர்நிலை வீடும் அலுவலகமும் குப்பைமேடும் நெருக்கிச் சுருங்கியது. 2022-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. 2015 டிசம்பரில் வெள்ளம் வந்தபோது தண்ணீர் புதிதாக எங்கும் போகவில்லை. பழைய ஏரியும் கால்வாயும் தாழ்நிலமும் எங்கே இருந்தனவோ அங்கேதான் நின்றது. நாளை வீடு கட்டப்போகும், மனை வாங்கப்போகும், வார்டு கவுன்சிலராகப்போகும் பிள்ளைகள் இன்று ஒன்பதாம் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஊரில் எது பள்ளம், எது மேடு, எந்தக் கண்மாயின் உபரிநீர் எந்த வாய்க்காலில் போகும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டாமா?

இதற்குப் பெரிய செலவு இல்லை. ஊரின் தாளை இறக்கி, அளவு மாறாமல் அச்சிட்டு, வகுப்புச் சுவரில் ஒட்டலாம். மாணவர்களைக் குழுவாகப் பிரித்து, தாளில் உள்ள குளங்களை ஒவ்வொன்றாகத் தேடிப் போய்ப் பார்த்து, எது இருக்கிறது, எது தூர்ந்தது, எது பேருந்து நிலையம் ஆனது என்று குறிக்கச் சொல்லலாம். சாலையின் நீளத்தைத் தாளில் நூல் வைத்து அளந்து, மிதிவண்டியில் போய்ச் சரிபார்க்கலாம். ஊர்ப் பெரியவர்களிடம் ஓடைக்கும் பாறைக்கும் பெயர் கேட்டு, தாளில் விடுபட்டதை எழுதிச் சேர்க்கலாம். அந்தக் காலத்து சர்வேயர் செய்த அதே வேலை. அகமதிப்பீட்டு மதிப்பெண்ணை இதற்குக் கொடுத்தால் பிள்ளைகள் ஒரே பருவத்தில் முடித்துவிடுவார்கள்.

ஆளவும் வரி வாங்கவும் வரைந்த தாள் இப்போது அந்த நிலத்தில் வாழும் பிள்ளைகளுக்கே சொந்தம். கொள்கை மாறிவிட்டது, பூட்டுத் திறந்துவிட்டது, இறக்கிக்கொள்ளவும் வழி வந்துவிட்டது. மிச்சமிருப்பது ஆசிரியர் அதை வகுப்புக்குள் எடுத்துவந்து மேசைமேல் விரிப்பது. இந்தக் கல்வியாண்டிலேயே அதைத் தொடங்கலாம்.